இடுப்புவலியும் இரும்பு பீரோவும்

மச்சினனின் இரும்பு பீரோவைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக எடுத்த முதல் முடிவு. அதனால் வெளியே சொல்லவில்லை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. வீடு மாறுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. இந்த முறை பிடித்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. மாமா இருக்கும்போது கூலிக்கு ஆள் எதற்கு என்று கேட்டானாம். அதானே என்றாளாம் இவள்.

அப்போது அவள் மசாஜ் சிகிச்சைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிகிச்சை நிலையத்தில் டோக்கன் கொடுத்து, துண்டு மடிக்கிற வேலை. தேறினால்தான் நோயாளி மேல் கை வைக்கலாம். போன தடவை நோயியலில் கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் துண்டு மடித்தே காலம் போய்விடும் என்று உள்ளூரப் பயம்.

உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் என்று பாடங்கள். முதலாவது என் உடம்பைக் கூறு போட. இரண்டாவது நான் இயங்காமல் சோபாவில் கிடப்பதைக் குத்திக்காட்ட. நோயியல்தான் எனக்கானது என்று கண்டுகொண்டேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் புத்தகத்தைப் புரட்டி, ஒரு நல்ல நோயாகப் பொறுக்கினேன். சியாட்டிகா. இடுப்பில் நரம்பு நசுங்கினால், வலி பின்தொடை வழியாகப் பாதம்வரை ஓடுமாம். கனம் தூக்கக் கூடாதாம். இதைவிடக் குணமான நோய் உண்டா?

மறுநாள் செருப்பை எடுக்கக் குனிந்து, அப்படியே நின்றேன். எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று கேட்டாள். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கட்டிலில் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் இடது காலைத் தூக்கினாள். அலறினேன். அவள் முகம் மலர்ந்தது. கனிவு என்று நினைத்துக்கொண்டேன்.

டீ சோபாவுக்கே வந்தது. ஆனால் தினமும் விசாரணை. இருமினால் வலிக்கிறதா, கால் சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று குடைவாள். பதில் சொல்ல நான் திருட்டுத்தனமாக இன்னும் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் டாக்டராகி, பீரோ தூக்க நானே ஆள் வைத்திருப்பேன்.

பரீட்சை முடிந்து சிரித்த முகமாக வந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன்.

"வலிக்குதுன்னு சொல்றவருக்கு நிஜமாவே வலிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேட்டாங்க."

இடுப்பை அவசரமாகப் பிடித்துக்கொண்டேன். "நீ என்ன சொன்னே?"

"படுக்கவெச்சுக் காலைத் தூக்கினா கத்துவாரு. அப்புறம் நாற்காலியில உக்காரவெச்சு, நகம் பாக்கறேன்னு அதே காலை நேரா நீட்டினா, பேசாம டிவி பாத்துக்கிட்டிருப்பாரு. ரெண்டும் ஒரே சோதனைதான்னு சொன்னேன்."

போன வாரம் என் நகத்தின் மேல் அவளுக்கு வந்த அக்கறை ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சுமா டீ கொடுத்தே?"

"வேற யாருங்க எனக்கு நோயாளியா நடிப்பாங்க? நீங்க படிச்சுட்டு வந்து நடிச்சீங்க. உங்களை மடக்கறதுக்காகவே நான் ரெண்டு மடங்கு படிச்சேன். முடிவையும் அங்கேயே சொல்லிட்டாங்க, தேறிட்டேன்." சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில், ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் தூக்க வருகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடுப்பில் சுளீர் என்றது. வலி பின்தொடையில் இறங்கி, புத்தகத்தில் போட்டபடியே ஒரு வளைவுகூடத் தப்பாமல் பாதம்வரை ஓடியது. படியிலேயே சரிந்தேன். பீரோவின் மறுமுனையில் மச்சினன் முனகினான். சமையல் பாத்திரங்களோடு பின்னால் வந்த மனைவியிடம், எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று கண்ணீரோடு சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பரீட்சைதான் முடிஞ்சு போச்சேங்க. எந்திரிங்க."