அசையாத சவ்வு

செல் சவ்வு அசையவே மாட்டேன் என்றது.

"ஏன்டா பிரேயர்ல நிக்கிற மாதிரி விறைச்சு நிக்கிறீங்க? சவ்வுன்னா எண்ணெய் மாதிரி மெதுவா நழுவிக்கிட்டே இருக்கணும்!" என்றாள் நந்தினி டீச்சர்.

கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளி மைதானத்தில், நடுவே சந்து விட்டு, பிள்ளைகள் இரண்டு வரிசையாக ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு கொழுப்பு மூலக்கூறு. வெள்ளைத் தொப்பி, தண்ணீரை விரும்பும் தலை. முதுகில் தொங்கிய இரண்டு ரிப்பன்கள், தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளியும் வால்கள். இன்று பார்க்க வரும் நடுவருக்குப் பிடித்துவிட்டால் எல்லோரும் சென்னை அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். கடலையே பார்த்திராத கவிநிலாவும் போகலாம்.

அன்று பௌர்ணமி. மலைமேல் ஒரு மேகம் தூங்கிக்கொண்டிருந்தது. "அரோகரா" காற்றில் மிதந்து வந்தது. கூடவே பக்தர்களும் வந்து சந்துக்குள் நுழைந்தார்கள்.

"அன்னதானமாம்மா?"

"இல்லைங்க, இது செல் சவ்வு. நடுவுல தண்ணிகூட நுழையக் கூடாது!"

"தண்ணி வேணாம்மா. சவ்வே கொஞ்சம் போடுங்க."

நந்தினி உயரமான வளவனைப் புரத வாயிலாக முன்னே நிறுத்தினாள். "யாரையும் விடாதே!"

"கேட் போட்டுட்டாங்க, பெருசா ஏதோ தர்றாங்கடோய்!" கூட்டம் இரட்டித்தது.

"இங்க ஒண்ணும் கெடையாது" என்று நந்தினி மைக்கில் அறிவித்தாள்.

"தீரப் போவுதாம், ஓடியாங்க!"

நீலத்துண்டு போட்ட பெரியவர் ஒருவர் வெயிலில் தள்ளாடினார். கவிநிலா வரிசையை விட்டு ஓடித் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"புளிசோறு தாத்தா. உக்காந்து சாப்பிடுங்க."

அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் டப்பாக்களைத் திறந்தார்கள். பிள்ளைகளின் தொப்பிகளும் பக்தர்களின் முக்காடுகளும் கலந்தன. தூக்கத்தில் நடப்பதுபோல் மெல்ல நழுவின, இடம் மாறின. வரிசை மட்டும் உடையவில்லை.

சென்னையும் கடலும் போச்சு என்று நந்தினிக்குத் தோன்றியது. ஆனாலும் பசித்து வந்தவர்களை எப்படி விரட்டுவது? அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு தன் டப்பாவையும் திறந்தாள்.

"சுப்பண்ணே, நடுவர் வந்தார்னா கேட்லயே பேச்சுக் குடுத்து நிறுத்தி வைங்க."

வாட்ச்மேன் சுப்பன் தலையைச் சொறிந்தார்.

"அவரு அப்பவே எங்கிட்ட செருப்ப விட்டுட்டு உள்ள வந்துட்டாரு மேடம். அந்த நீலத்துண்டுக்காரருதான், சவ்வு இப்பத்தான் சரியா நழுவுதாம், சென்னைக்கு வர்றப்பவும் இந்தப் புளிசோத்தக் கட்டியாரச் சொல்றாரு."