நூற்றுக்குப் பத்து

விகிதாசாரப் பேர்வழி என்றொரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பிரியாணியைத் தின்றுவிட்டு ஊரே உருகும்போது, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாக் கல்யாணத்துலயும் நல்லாருக்குன்னா அப்புறம் எதுதான் நல்ல பிரியாணி?" என்று இலையை வழித்துக்கொண்டே கேட்பாரே, அவர்தான். தெருவில் நாலைந்து பையன்களுக்குச் சேர்ந்தாற்போல் வேலை கிடைத்தால், வேலையின் தரம் குறைந்துவிட்டது என்பார். உலகத்தில் நல்லது நூற்றுக்குப் பத்துதான் இருக்க முடியும், கூடுதலாக இருந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் கொள்கை.

திண்டுக்கல்லில் இந்த ரகத்துக்குத் தலைவர் என்றால் தோல் வியாபாரி அப்துல் ஜப்பார்தான். வாங்கும் ஆட்டுத்தோலை முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். மற்றவர்கள் தோலைப் பார்த்துவிட்டுக் குவியல் போடுவார்கள். ஜப்பார் முதலில் கழிவுக் குவியலின் உயரத்தை முடிவு செய்வார். பிறகு அதை நிரப்பத் தோல் தேடுவார். கீறலே இல்லாத தோல் வந்துவிட்டால்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பி, தடவி, முகர்ந்து, "இதுல என்னமோ இருக்கு" என்று கழிவில் போடுவார். பேரம் பேச இது நல்ல உத்தி. பிள்ளைகள் விஷயத்தில்?

அங்கேயும் இதே உத்திதான். அவர் மகள் தஹ்சீன் படிக்கும் தனியார் பள்ளியில், பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில் ஐந்நூறுக்கு நானூற்றைம்பது எடுத்த எல்லோருக்கும் ஏ கிரேடு கொடுப்பார்கள். ஏ வாங்கியவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் குரூப் கிடைத்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் ஜப்பார் எழுந்தார்.

"போன வருசம் முப்பது பேருக்கு ஏ குடுத்திருக்கீக. அது கிரேடா, நேர்ச்சைச் சோறா, வர்றவுகளுக்கெல்லாம் அள்ளி வைக்க? நூத்துக்குப் பத்துன்னு வரம்பு கட்டுங்க. அப்பத்தான் ஏ-க்கு ஒரு மதிப்பு இருக்கும்."

கூரை அதிரக் கைதட்டினார்கள். வகுப்பில் நூறு பிள்ளைகள். நூறு வீட்டுப் பெற்றோரும் தட்டினார்கள். இடமோ பத்து. அப்படியானால் மிச்சத் தொண்ணூறு வீட்டார் எந்தச் சந்தோஷத்தில் தட்டினார்கள்? அவரவர் பிள்ளையை மனசுக்குள் முதலில் அந்தப் பத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தட்டினார்கள். பள்ளியும் அன்றைக்கே அதை விதியாக்கிவிட்டது.

தஹ்சீனுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை. விழுந்து விழுந்து படித்து நானூற்று அறுபத்தெட்டு எடுத்தாள். வகுப்பில் பதினோராவது இடம். பி கிரேடு.

மறுநாள் காலையில் மண்டியைத் திறக்காமல் ஜப்பார் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"இம்புட்டு மார்க் எடுத்த புள்ளைக்கு பி-யா? நீங்க விடைத்தாளப் பாத்தீகளா, தலைய எண்ணுனீகளா?"

"தலையத்தான் எண்ணுனோம் பாய். நீங்க சொன்னபடி."

"அது நான் பொதுவாச் சொன்னது மேடம்."

"தஹ்சீனும் பொதுவுலதான இருக்கா?"

விதியை மாற்ற வேண்டுமானால் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார் தலைமையாசிரியை. அடுத்த கூட்டத்தில் ஜப்பார் மறுபடியும் எழுந்தார். குரலில் அத்தனை நியாயம்.

"வரம்பு அவசியம். அதுல நான் மாற மாட்டேன். ஆனா பத்துங்கறது கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பதினொண்ணுன்னு வச்சா ஒரு அழகு இருக்கும்."

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடும் பழனியம்மாள் சட்டென்று எழுந்தார். அவர் மகள் தீபாவுக்குப் பத்தாவது இடம். "பத்தே இருக்கட்டும் பாய். எல்லாத்துக்கும் அள்ளிக் குடுத்தா என்னா மதிப்பு இருக்கு? நீங்கதான சொன்னீக?"

ஆத்தூர் நல்லுசாமி தொண்டையைச் செருமினார். "வரம்பு வேணும்ங்க. பதினாறுன்னு வச்சா செரியா இருக்கும்." அவர் பையனுக்கு எத்தனையாவது இடம் என்று நான் சொல்ல வேண்டுமா? காத்தமுத்து இருபத்துநாலு என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நாற்பத்தேழு என்றது. வரம்பு வேண்டும் என்பதில் கூட்டம் மொத்தமும் ஒரே கட்சி. எங்கே வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. செத்த நேரம் காட்டுக் கத்தலாகக் கத்திவிட்டு, பத்தே நீடிக்கட்டும் என்று கலைந்தார்கள். தஹ்சீனுக்குக் கம்ப்யூட்டர் குரூப் எழுதப்பட்டது.

வீட்டில் தஹ்சீன் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஜப்பார் சமாளித்திருப்பார். அவள் நேராக வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தா, எனக்கு குரூப்பு கெடைக்கலேன்னாக்கூடப் பரவால்ல. நான் நல்லாப் படிச்சனா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"நல்லாத்தாம்மா படிச்ச," என்றார் ஜப்பார். மனதாரத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐம்பது வருஷப் பழக்கம் நிறுத்த விடுமா? "ஆனா, மத்த பத்துப் பேரு..."

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

இதைப் படித்ததும் நீங்கள் சிரித்திருப்பீர்கள். 'நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படித்தான்' என்று தலையை ஆட்டியும் இருப்பீர்கள். நியாயம்தான். அந்தத் தொண்ணூறு பேரில் உங்களையும் சேர்த்துத்தானே எண்ணினீர்கள்?