உங்கள் தம்பி வாங்கிய இரண்டு பீப்பாய்கள்

ஷெபாய்கன், விஸ்கான்சின்
பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை மத்தியானம்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய ஆர்டிஸ் அண்ணி அவர்களுக்கு,

தம்பி மனைவி லாவோன் வணக்கத்துடன் எழுதுவது. ஆரிசோனா வெயிலில் நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள், முழங்கால் முன்னைப்போல மக்கர் பண்ணாது என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். உங்கள் தம்பி எல்டனுக்கு என்ன, அவர் மகா சௌக்கியம். கூட இருப்பவர்களின் சௌக்கியத்தையும் சேர்த்து அனுபவிக்கிற மனுஷருக்கு என்ன கேடு வரப்போகிறது? போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில், “அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் லாவோன்” என்று சிரித்துவிடுவீர்கள், எனக்குக் கோபம் பாதியில் நின்றுபோகும். இந்தத் தடவை முழுசாகக் கோபப்பட வேண்டியிருக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே சிரிக்க முடியாது.

விஷயம், உங்கள் பக்கத்து வீடுதான். மாடிப்படி கிடையாது, பனி வாரும் மண்வெட்டி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் உங்கள் குரல் கேட்கும் என்று நீங்கள் சொன்ன அந்த வீடு. இந்த மாதக் கடைசி வரை எங்களுக்காக வைத்திருப்பதாக அந்த வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்த அன்றே நாங்கள் பேசி முடிவெடுத்தோம். ஏப்ரலில் இந்த வீட்டை விற்பது, உங்களிடம் வந்துவிடுவது. நான் சொன்னேன், உங்கள் தம்பி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அவருக்கு ‘மாட்டேன்’ என்று வாயைத் திறந்து சொல்ல வராது அண்ணி. அதற்குப் பதிலாக எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அடுத்த சனிக்கிழமையே இரண்டு எவர்சில்வர் பீப்பாய்களோடு வந்து நின்றார்.

அவர் வீட்டில் பீர் காய்ச்சுவது உங்களுக்குப் புதிதில்லை. இத்தனை வருஷமாகப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார். நானும் சகித்துக்கொண்டிருந்தேன். இப்போது கட்டைவிரல் வலிக்கிறதாம், பாட்டில் மூடி அழுத்த முடியவில்லையாம், அதனால் பெரிய கடைகளில் வைத்திருப்பது போலப் பீப்பாயில் அடைத்து, சோடாவுக்குப் போடுகிற காஸை ஏற்றி, குழாய் வழியாகப் பிடிக்கப் போகிறாராம். வலிக்கிறது என்றால் காய்ச்சுவதை நிறுத்துவான் மனுஷன். இவர் கட்டைவிரலுக்காக ஒரு தொழிற்சாலையே கட்டக் கிளம்பிவிட்டார். “ஏங்க, ஏப்ரல்ல வீட்டை விக்கப்போறோம், இதையெல்லாம் யார் தலையில கட்டுறது?” என்று கேட்டேன். “பார்க்கலாம் லாவோன்” என்றார். “எதைப் பார்க்கலாம்?” என்றேன். “முதல்ல இது ஒழுகாம இருக்கான்னு பார்க்கலாம்” என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பீப்பாய்களை எங்கே வாங்கினார் தெரியுமா? ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் பழைய சாமான் விற்கிற டுவேனிடம். முன்பு சோடா கம்பெனிகள் வைத்திருந்த பீப்பாய்களாம் இரண்டும். ஒரு கம்பெனிக்காரன் பீப்பாயில் குழாய் மாட்டும் முனை வழவழவென்று இருக்கிறது, இன்னொரு கம்பெனிக்காரன் பீப்பாயில் அதே முனையைச் சுற்றி ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மாட்டுவது மற்றதற்கு மாட்டாது. இது எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது. உங்கள் தம்பி டுவேனிடம், “ரெண்டும் ஒண்ணுதானேப்பா?” என்று கேட்டிருக்கிறார். “பார்த்தா ஒண்ணுதான்” என்றானாம் அவன். அதை நம்பி இரண்டுக்குமாக ஒரே ரக இணைப்புகளை வாங்கி வந்து, மாட்டாத பீப்பாயில் சுத்தியலால் தட்டித் தட்டி மாட்டினார். மாட்டியதாவது சரியான பக்கமா? காஸ் போகிற இடத்தில் பீர்க் குழாய், பீர் வருகிற இடத்தில் காஸ் குழாய். கழற்றுவதற்கு அதே டுவேனை வரவழைக்க வேண்டியதாயிற்று. அவன் பீப்பாயைத் தன் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இவர் குழாயைப் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் என் பேஸ்மென்ட் தரையில் உருண்ட காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போதாததற்கு அந்தப் பீப்பாயில் இருந்த பழைய ரப்பர் வளையங்களை மாற்றச் சோம்பல்பட்டு முதல் பீரை அப்படியே ஊற்றினார். ஆரஞ்சு சோடா வாசனை! குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் மருந்து மாதிரி இருந்தது. “இது ஒரு தனி ருசி” என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அடுத்தது காஸ் சிலிண்டர். இதற்குத்தான் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், ஆனால் கோபமாகத்தான் சிரித்தேன். பழைய சிலிண்டர் வேண்டாம், அது அபாயம் என்று புத்தம் புதிதாக அலுமினிய சிலிண்டர் ஒன்றை வாங்கினார். புதுச் சிலிண்டர் காலியாகத்தான் வருமாம். அதைத் துணியால் துடைத்து, வண்டி முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, காஸ் நிரப்பப் போனார். என்னைக்கூட ஒரு நாளும் அப்படி உட்காரவைத்ததில்லை. கடைக்காரன் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அவன் கையில் இருந்தது வேறு. பெயின்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கி, துருவேறி, யாரோ ஏரியிலிருந்து தூண்டில் போட்டு எடுத்த மாதிரி ஒரு இரும்புச் சிலிண்டர். “என்னோடது எங்கேப்பா?” என்று இவர் கேட்டாராம். “உங்களதை எடுத்துக்குவோம், ரொப்பினதைத் தருவோம். இங்க எல்லாருக்கும் அப்படித்தான் சார்” என்றானாம். சர்ச்சில் புதுக் கோட்டை மாட்டிவிட்டு, வரும்போது வேறொருவரின் கிழிந்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி வீட்டுக்குள் வந்தார். சண்டை போட்டீர்களா என்று கேட்டேன். “வரிசையில ஆள் நின்னாங்க லாவோன்” என்றார். பின்னால் நிற்பவருக்குத் தொந்தரவாகிவிடும் என்று தன் சொத்தையே விட்டுவிட்டு வருகிற ஜாதி இந்த ஊர் ஆண்கள்! அந்தத் துருச் சிலிண்டரில் வந்த காஸாவது நின்றதா? இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்கவில்லை, காலையில் எழுந்தால் சிலிண்டர் காலி. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் சோப்புத் தண்ணீர் தடவுகிறார். பாத்திரம் தேய்க்க வைத்த சோப்பு முழுதும் பீப்பாய்க்கே போயிற்று.

இனிமேல்தான் அண்ணி நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். பீப்பாய் குளிர்ச்சியில் இருக்க வேண்டுமாம். அதற்கு என் பெட்டி ஃப்ரீசர் வேண்டுமாம். அதற்குள் நவம்பரில் அவரும் தெருக்காரர்களும் வேட்டையில் சுட்டுக் கொண்டுவந்த மானின் கறி, நான் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்தது, கழுத்து வரை இருக்கிறது. கறிக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத் தொடுங்கள் என்றேன். தலையாட்டினார். நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, காஸ் குழாய் நுழைவதற்காக ஃப்ரீசரின் பக்கச் சுவரில் துளை போட்டார். சுவருக்குள்தான் குளிர்விக்கும் குழாயே ஓடுகிறது. ‘உஸ்’ என்று ஒரு சத்தம், ஃப்ரீசரின் உயிர் போயிற்று. போனில் டுவேன், “யாராவது சுவத்துல ஓட்டை போடுவாங்களா? மூடியில இல்ல போடணும்!” என்றான். அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன! சரி, விஸ்கான்சினில் பிப்ரவரி மாதம் கறியை வாசலில் போட்டாலே உறைந்து கிடக்குமே என்பீர்கள். வருஷா வருஷம் ஜனவரியில் வந்து தொலைக்கிற அந்தப் பனி உருகும் வாரம், இந்தத் தடவை தாமதமாக வந்து, சரியாக அன்றைக்கு ஆரம்பித்தது. வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே ஒரு முழு மான் இளகிக்கொண்டிருக்கிறது.

என்ன செய்வது? இருந்த சட்டி அத்தனையையும் அடுப்பில் ஏற்றினேன். குழம்பு வைத்தேன், உருட்டி வறுத்தேன், சாசேஜ் பிடித்தேன், என் கை ஓய்ந்துபோயிற்று. தெரு முழுக்கப் போன் பண்ணி, ஆளுக்கொரு சட்டி வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்களா? “கீழே என்னமோ எல்டன் செஞ்சுருக்காராமே” என்று பேஸ்மென்டில் இறங்கினார்கள். இவர் குழாயைத் திறந்தார். கைநீளம்கூட இல்லாத குட்டை ட்யூபைப் போட்டிருக்கிறார், காஸின் வேகத்துக்கு வெறும் நுரை பீச்சி அடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். கூரையைத் துடைக்கப் போவது யார்?

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? வேறு ஒரு ஃப்ரீசர், மூடியில் ஒழுங்காகத் துளை, ஆளுயரத்துக்கு நீள ட்யூப். எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் பெரிய ஆபத்து. பாட்டிலாக இருந்தபோது ஊர்க்காரர்கள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பீப்பாயைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போக முடியுமா? உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் வறுத்த மீனைக் கையோடு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பூட்ஸ் பனியெல்லாம் உருகி என் தரையில் ஓடுகிறது. சீட்டு விளையாட்டு வேறு, தோற்றவர் போடுகிற கூச்சல் வேறு. உங்கள் தம்பிக்கோ இன்னும் ஒரு கிளாஸ் ஒழுங்காகப் பிடிக்க வரவில்லை. சிக்கனமாம், குழாயைப் பாதிதான் திறப்பாராம், பாதி திறந்தால் நுரைதான் வரும் என்று சொன்னால் ஏறுகிறதா? பார்க்கச் சகிக்காமல் போன வாரம் நானே பிடுங்கி, கிளாஸைச் சாய்த்து, குழாயை முழுக்கத் திறந்து பிடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து எல்லாரும் என்னிடம் கிளாஸை நீட்டுகிறார்கள். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

ஆகவே அண்ணி, தயவுசெய்து அந்த அம்மாளிடம் வீடு எங்களுக்குத்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் தம்பி தலையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும் ஏப்ரலில் நான் வண்டி ஏறுகிறேன். பீப்பாய் வராது, சிலிண்டர் வராது, டுவேன் வேண்டுமானால் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும். உங்கள் முழங்காலுக்குக் கடவுள் நல்ல பலம் கொடுக்கட்டும், தோட்டத்து எலுமிச்சை நிறையக் காய்க்கட்டும், இங்கே உங்களை விசாரித்த அத்தனை பேரின் அன்பையும் இதோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் பிரியமுள்ள,
லாவோன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, கீழே ஆட்கள் வந்துவிட்டார்கள். எதிர் வீட்டு ஹார்லன் வந்திருந்தார். அவருடைய மனைவி போன வசந்தத்தில் காலமானது உங்களுக்கு எழுதியிருந்தேன். அன்றிலிருந்து அந்த மனுஷர் யாரிடமும் பேசினதில்லை, கதவைத் தட்டினாலும் திறந்ததில்லை. மான்கறி வாங்க வந்தவர், அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். “லாவோன், நீங்க ஆரிசோனா போறதா டுவேன் சொன்னான். எப்போன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைக்கு நான் வேற ஏதாவது யோசிக்கணும்” என்றார். சீட்டுப் போட்டவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். உங்கள் தம்பி என்னைப் பார்க்கவில்லை, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். “முதல்ல கிளாஸை நீட்டுங்க ஹார்லன்” என்று மட்டும் சொன்னேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது அண்ணி? வழுக்கி விழுந்ததால் அல்ல நான் இந்த ஊரை விட்டுக் கிளம்ப நினைத்தது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற இந்த வீட்டில், யாரும் வராத சாயங்காலங்களில், நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பயந்துதான் கிளம்ப நினைத்தேன். இப்போது உட்கார நாற்காலி போதவில்லை. அந்த வீட்டை அந்த அம்மாள் வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும். மேலே எழுதியதைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. உங்கள் தம்பியைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதையும் நீங்கள் படிக்கத்தான் வேண்டும்.

ஒன்றே ஒன்று. நாங்கள் வரவில்லை என்பதை உங்கள் தம்பியிடம் போனில் உளறிவிடாதீர்கள். நான் இன்னும் சொல்லவில்லை. ஈஸ்டர் வரைக்குமாவது பயந்துகொண்டே இருக்கட்டும்.