கம்பிதான் பொய் சொல்கிறது

என் கூடப் பிறந்த சின்னவளுக்கு, நாலு வயது மூத்தவள் என்ற ஒரே அதிகாரத்தில் அக்கா எழுதுவது. உன் இடுப்பு வலியும் உன் வீட்டுக்காரரின் இருமலும் இதற்குள் அடங்கியிருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இந்தக் காகிதத்தை எடுத்து வைத்த பிறகு மட்டும் நாலு முறை வாசல் வரை போய் வந்துவிட்டேன்.

என் பேத்தி விஷயம்தான். போன வாரம் போனில், "ஜெல்லியைச் சுட்டுப் பார்க்கவா இத்தனை வருஷம் படிச்சா?" என்று கேட்டாயே, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். வயிற்றுக்குள் பார்க்க ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான், காதுக்குக் கேட்காத ஒலி. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அந்த மாதிரி ஒலியை ஒரு அரிசி அளவு இடத்தில் குவித்தால், கத்தியே படாமல் உள்ளே இருக்கிற கட்டி மட்டும் வெந்துபோகும். எத்தனை டிகிரி சூடேறும், பக்கத்துச் சதைக்கு எவ்வளவு பரவும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறவள் என் பேத்தி. கணக்கு சரியா என்று மனுஷர் மேல் சோதிக்க முடியுமா? அதனால் சதை மாதிரியே ஜெல்லி செய்து, தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை நடுவில் வைத்துச் சூட்டை அளக்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல். கணக்கு ஐம்பத்தாறு டிகிரி என்கிறது, கம்பி எழுபத்தொன்று என்கிறது. மூன்று வாரம், மூன்று ஜெல்லி, மூன்று தடவையும் அதே கதை. வருகிற வியாழக்கிழமை பெரிய டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள். அன்றைக்கும் ஒத்துப்போகாவிட்டால் இவள் கணக்கை ஓரங்கட்டிவிட்டு வேறு யாரோ போட்டதை எடுத்துக்கொள்வார்களாம். நாலு வருஷ உழைப்பு! பிள்ளை பல் துலக்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்து, "பதினஞ்சு டிகிரி எங்கேருந்துடா வருது?" என்று கேட்கிறாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆய்வகத்துக் குளிர்பெட்டி ரிப்பேர் என்று அந்த ஜெல்லி நம் வீட்டு ஃபிரிட்ஜில்தான் உறைகிறது. உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாதாம், இருந்தால் அந்த இடத்தில் சூடு எகிறிவிடுமாம். அதற்காக ஊற்றும் முன்பே பம்ப் வைத்துக் காற்றையெல்லாம் உறிஞ்சிவிடுகிறாள். ஃபிரிட்ஜ் பக்கம் யாரையும் அண்டவிடாமல் காவல் நிற்பது நான்தான். வெந்ததா, உறைந்ததா என்று சரிபார்க்காமல் ஒரு பாத்திரத்தையும் நான் வீட்டை விட்டு அனுப்பியதில்லை என்பது உனக்கே தெரியும்.

நேற்று பொறுக்க முடியாமல், பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே போட்டுவிட்டு, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஆய்வகத்துக்கே போய்விட்டேன். அங்கே பேத்தியின் குழுவுக்குத் தலைவி ஒருத்தி இருக்கிறாள். சிரிக்கவே மாட்டாள்.

"கம்பிதான் பொய் சொல்லுது. மாத்துங்க" என்றேன்.

"ஐஸ் தண்ணியிலயும் கொதிக்கிற தண்ணியிலயும் வச்சுப் பார்த்துட்டோம்மா. கம்பி சரியா இருக்கு."

"அப்ப மெஷின்?"

"அதையும் பார்த்தாச்சு."

"அப்ப நீங்க சரியாப் பார்க்கலை."

பேத்தி என் கையைப் பிடித்து, "பாட்டி, என் மானத்தை வாங்காதே, வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆகவே சின்னவளே, உன் மருமகனுக்கு அந்த ஆய்வகத்து இயக்குநரைத் தெரியும் என்று பீற்றிக்கொள்வாயே, இப்போது காட்டு. கம்பி கோளாறு, தலைவிக்குத் திமிர் என்று ஒரு புகார் காரசாரமாகப் போகட்டும். உன் வீட்டில் எல்லாரும் தலைவலி, காய்ச்சல் இல்லாமல் நீண்ட நாள் இருக்க மூத்தவளின் ஆசி.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: புகார் வேண்டாம். உறையை ஒட்டும் முன் எழுந்துபோய் நாலாவது ஜெல்லியைச் சரிபார்த்தேன். பேத்தி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. பின்னல் ஊசி என் கையில், நுனி ஜெல்லியின் நட்டநடுவில்.

"பாட்டி! மூணுலயும் குத்தினியா?"

"உறைஞ்சுதான்னு பார்க்க வேண்டாமா? ஒண்ணொண்ணுலயும் ஒரே ஒரு தடவைதான்டி."

அவள் திட்டவில்லை. உட்கார்ந்து, கணக்கில் ஊசி கனத்துக்கு ஒரு காற்று ஓட்டையைச் சேர்த்தாள். அறுபத்து நாலு வந்தது. மெல்லத் திரும்பினாள்.

"உண்மையைச் சொல்லு. எத்தனை தடவை?"

"...ரெண்டு."

இரண்டாவது ஓட்டையையும் சேர்த்தாள். எழுபத்தொன்று! பார்த்தாயா என் பேத்தியின் கணக்கை? உன் அத்தானால் ஐம்பது வருஷத்தில் என் பொய் ஒன்றைக் கண்டுபிடிக்க முடிந்ததா? கம்பி பாவம், சொக்கத் தங்கம். தலைவியும் நல்ல பெண். போனில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். வியாழக்கிழமை குத்தாத ஜெல்லி ஒன்று, குத்தியது ஒன்று, இரண்டையும் டாக்டர்கள் முன் சுடப் போகிறார்களாம். அதே ஆள், அதே ஊசி வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லிவிட்டாள். குத்தாதது ஐம்பத்தாறு காட்டும் வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்டாயிற்று. சாவியை என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.