செத்தவங்களுக்கு இஸ்திரி கிடையாது

என் அப்பாவை என் கண் முன்னாலேயே, பட்டப்பகலில், பல தடவை சாகடித்த ஒரே ஆள் டோபி அக்காதான். ஒவ்வொரு தடவையும் சாகடித்த கையோடு வாசலில் நின்று முறையாகத் துக்கம் விசாரிப்பார். அப்புறம், "சரி தம்பி, உங்க பேண்ட் ரெடி, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒரு பொம்பளையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம், என் நெஞ்சு தாங்காது.

அவர் ஞாபகம் வரக் காரணம் போன வாரம் நடந்த கூத்து. இப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இருக்கிறேன். வட சிலாங்கூரில் இந்த வருஷம் வறட்சி நீளும், காட்டுத்தீ வரலாம், குப்பை கொளுத்தாதீர்கள் என்று எல்லார் கைபேசியிலும் செய்தி வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் கட்டடத்தில் தீ மணி அடித்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, கார் பார்க்கில் நின்று எண்ணிப் பார்த்தேன். நானும் பாதுகாவலரும் ஒரு பூனையும். டோபி அக்கா கணக்குப்படி கட்டடமே காலி.

முன்பு நாங்கள் இருந்தது கிள்ளானுக்கு வடக்கே ஒரு தாமான் குடியிருப்பில். கடைசி வரிசை வீடு. பின்வேலியைத் தாண்டினால் லாலாங் புல், அதற்கப்புறம் கறுப்பு மண் காடு. இலையும் வேரும் மக்கி மக்கி மெத்தை போல் கிடக்கிற மண் அது. வறண்டுவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது, அடியிலேயே கனன்றுகொண்டு போகும். திடீரென்று எங்கேயாவது எட்டிப் பார்க்கும். வீடு வாங்கும்போது இதையெல்லாம் யார் கேட்டது? காற்றோட்டமான இடம் என்று தரகர் சொன்னார், சரி என்று வாங்கிவிட்டேன்.

தெருமுனையில் டோபி கடை. அக்காவுக்கு நிஜப் பேர் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒல்லியான ஆள், கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் ஈரத்துண்டு. தைப்பூசம் முடிந்த மறுநாளே அந்த வருஷத்து நெருப்பு நிலவரத்தை அறிவித்துவிடுவார். வானிலை இலாகாவெல்லாம் அவருக்கு எதற்கு? கொடியில் பெட்ஷீட்டைப் போட்டுவிட்டு ஒரு தே தாரிக் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் அது காய்ந்துவிட்டால், "இந்த வருஷம் எரியும் லா" என்பார். வருஷா வருஷம் அதையேதான் சொன்னார். வருஷா வருஷம் மழை வந்து அவர் மானத்தை வாங்கியது. அதற்கெல்லாம் அசருகிற ஜென்மமா? "தள்ளிப் போயிருக்கு தம்பி, இல்லாம போயிடலே" என்பார்.

துணி அலசிய தண்ணீரைச் சாயங்காலமானால் வாளி வாளியாகச் சுமந்து வந்து எங்கள் பின்வேலி ஓரமெல்லாம் ஊற்றுவார். மண் ஈரமாக இருக்க வேண்டுமாம். எங்கள் கறிவேப்பிலை மரம் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது. எங்கள் வீட்டு ரசத்தில் சோப்புத்தூளின் மல்லிகைப் பூ வாசனை அடிக்கும். விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நான் புதுக் கார் வாங்கிய அன்று நடந்ததைக் கேளுங்கள். கோயிலில் பூசை போட்டு, வீட்டு முன்னால் நிறுத்தி, பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, என் மனைவி சுற்றிக்கொண்டிருக்கிறாள். எங்கிருந்துதான் வந்தாரோ, ஒரு வாளித் தண்ணீர் வந்து விழுந்தது. கற்பூரம், பூசணிக்காய், என் மனைவியின் பட்டுச்சேலை, திறந்திருந்த கார் சன்னல் வழியாக சீட்டு வரைக்கும் ஒரே வெள்ளம்.

"என்னக்கா இது?" என்றேன்.

"வெளியில கற்பூரமா? புல்லு எப்படிக் காஞ்சு கெடக்குதுன்னு பாத்தீங்களா? திருஷ்டி எல்லாம் போயிடுச்சு, உள்ளே போங்க" என்றார். திருஷ்டி மட்டுமா போச்சு, அந்த சீட்டு நாற்றம் போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தீ ஒத்திகை என்று ஒன்று வைத்தார் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது வினை.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் விசில் ஊதுவார். கடைசி வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பையோடு திடலுக்கு வந்துவிட வேண்டும். பையில் ஐசி அடையாள அட்டை, மருந்து, தண்ணீர், ஈரம் பண்ண ஒரு துண்டு, இஸ்திரி போட்ட ஒரு செட் துணி. அது எதற்கு என்று கேட்டதற்கு, "ஓடினாலும் கசங்காம ஓடணும்" என்றார். வியாபாரம் அப்படியும் நடந்தது. இரண்டே சட்டம். வெளியே வந்த பிறகு நகையே கிடந்தாலும் யாரும் திரும்பிப் போகக் கூடாது. திடலுக்கு வராதவர் செத்தவர்.

இரண்டாவது சட்டத்தை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். முதல் ஒத்திகை முடிந்து கடைப் பக்கம் போனால், விலை எழுதிப் போடும் பலகையில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது: "பத்தாம் நம்பர் ஐயா காலமானார்." பத்தாம் நம்பர் எங்கள் வீடு. ஐயா என் அப்பா. ஐயா வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆயுசு பூரா அடுத்தவன் டிக்கெட்டைப் பார்த்தவன்டா நான். என்னை ஒருத்தி வெயில்ல நிக்க வெச்சு எண்ணுறதா?" என்பார். காது கொஞ்சம் மந்தம், மிஷின் வைத்திருந்தார். விசில் சத்தம் கேட்டதும் மிஷினைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

செத்தவர்களுக்கு அடுத்த ஒத்திகை வரை கடையில் கணக்கு கிடையாது. அப்பாவின் சட்டைகளை என் மனைவி கொண்டுபோனபோது அக்கா மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

"யாரு துணிம்மா?"

"மாமாவோடதுக்கா."

"செத்தவங்களுக்கு இஸ்திரி கிடையாது."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார் என்று என் மனைவி வந்து சொன்னபோது நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டாம் நம்பர் அங்கிள் லிம் கதை இன்னும் மோசம். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் அவர் பலகையில் ஏறிவிட்டார். மனுஷன் முகம் வெளுத்துப் போய்க் கடைக்கு ஓடினார். "ஐயோ அக்கா, நியூ இயர் லா. சுவே லா, கெட்ட சகுனம், அழிச்சிடு லா" என்று கெஞ்சி, ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொடுத்து உயிரை மீட்டுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே திடலில் நிற்பார்.

அப்பா மட்டும் மசியவில்லை. தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறேன் என்று உட்கார்ந்து, முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டார். தாமானிலேயே முதன்முதலில் தீ பிடித்தது எங்கள் வீட்டுக்குள்தான். அந்தச் சட்டையையும் விடாமல் போட்டுக்கொண்டு, டோபி கடை வழியாகவே நடந்து போவார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். செத்தவர் நடந்து போனால் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஒரு நாள் என் மனைவிதான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "உயிரோட இருக்கிறவங்களை இப்படிச் சொல்லலாமாக்கா? வாய் கூசலையா?" அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாராம். சின்ன வயதில் அவர்கள் இருந்தது சுங்கை வே பக்கம் ஒரு கம்பத்தில், சின்னக் கிராமம்தான், எல்லாம் பலகை வீடுகள். தீ பிடித்ததும் ஆளாளுக்கு ஓடிவந்துவிட்டார்கள். பக்கத்தில் காது கேட்காத தையல்காரர் ஒருவர். இவர்கள் வீட்டோடு வந்திருப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள், அவர்கள் வீட்டோடு வந்திருப்பார் என்று இவர்கள் நினைத்தார்கள். "யாருமே எண்ணலேம்மா. எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாராம். அன்று ராத்திரி என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரில் அதே பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் நிஜமாகவே மழை வரவில்லை. ஒரு ஞாயிறு மதியம், பிரியாணி தின்றுவிட்டு நானும் மனைவியும் படுத்திருக்கிறோம். விசில். இன்றைக்குமா என்று புரண்டு படுத்தேன். ஆனால் விசில் நிற்கவே இல்லை. கண்ணைத் திறந்தால் அறைக்குள் புகை. பின்வேலிக்கு அந்தப் பக்கம் லாலாங் பற்றிக்கொண்டு சடசடவென்று வருகிறது. அப்பா அறைக்கு ஓடினேன், ஆளைக் காணோம். "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு வந்தோம். அக்கா எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா எங்கே?"

"ரூம்ல இல்லேக்கா."

"ரூம்ல இல்லேன்னா பாத்ரூம்ல இருப்பாரு. நீங்க போங்க."

"நான் பாக்குறேன்க்கா."

"வெளியே வந்தவன் திரும்பிப் போகக் கூடாது. போன்னு சொல்றேன்ல?" என்று என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். அந்தப் புகையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்தடியில், சிமெண்டு பெஞ்சியில், மடியில் பையோடு அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஐசி, மருந்து, தண்ணீர், துண்டு, எல்லாம் அந்தப் பையில். எப்போது கட்டினார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஒத்திகைக்கும் வராத மனுஷன்.

"எங்களை எழுப்பாமலாப்பா வந்தீங்க?" என்று காதில் கத்தினேன்.

"புகை வாசம் வந்துச்சு, தட்டினேன். நீ குறட்டை விட்டே. அவ விசில் ஊதினா நீ எந்திரிச்சிடுவேன்னு தெரியும், நடந்து வந்துட்டேன்" என்றார்.

எட்டாம் நம்பர் காக் ரோஸ்தான் அக்காவுக்கு உதவியாள். வீடு வீடாகப் பேர் சொல்லி எண்ணினார். எல்லா வீடும் சரி. எல்லாரும் கை தட்டினார்கள், அங்கிள் லிம் அழுதேவிட்டார். அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னடா என்பது போல் என் சட்டையை இழுத்தார். "எல்லாரும் இருக்காங்கப்பா" என்று கத்தினேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எண்ணுறவ எங்கேடா?" என்றார்.

கை தட்டல் நின்றுவிட்டது. இத்தனை ஒத்திகையில் அக்காவை யாரும் எண்ணியதே இல்லை. அவர் எங்கே போனார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருப் பக்கம் ஒரே புகை. நான் ஓடப் போனேன், அப்பா என் கையைப் பிடித்தார், விடவே இல்லை. அதற்குள் பொம்பா லோரி வந்துவிட்டது. தீயணைப்பு வீரர்களிடம் பத்தாம் நம்பர், பத்தாம் நம்பர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பின்னால் யாரோ, "வராதவங்க..." என்று ஆரம்பித்தார்கள்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று அப்பா போட்ட சத்தத்தில் திடலே அடங்கிப் போனது. காது கேட்காத மனுஷருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ. அப்புறம் ஒரு வீரரின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். முகமெல்லாம் கரி, ஈரத்துண்டு கழுத்தில் தொங்குகிறது. பெஞ்சியில் அப்பாவைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். அப்புறம் பக்கத்தில் வந்து கையை விரித்தார். உள்ளே அப்பாவின் காது மிஷின்.

"இது மேசை மேல இருந்துச்சு. காது இங்க இருந்தா ஆளும் இங்கதான் இருப்பாருன்னு கட்டிலுக்கு அடியெல்லாம் தேடினேன்யா" என்றார். இருமல் வந்து பேச்சு நின்றுவிட்டது.

அப்பா மிஷினை வாங்கி நிதானமாகக் காதில் மாட்டினார். "இப்போ சொல்லு" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அப்பா பையைத் திறந்து தண்ணீர் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டு, காக் ரோஸைப் பார்த்து, "இவளையும் சேர்த்துக்கோ" என்றார்.

தீ எங்கள் வேலியைத் தாண்டவில்லை. அது பொம்பா தண்ணீராலா, அக்கா ஊற்றிய சோப்புத் தண்ணீராலா என்று தெருவில் ரொம்ப நாள் சண்டை நடந்தது. மண்ணுக்கு அடியில் கனன்றது அணைய மழைதான் வர வேண்டியிருந்தது. மறுவாரம் அப்பாவின் சட்டைகள் கடைக்குப் போயின. கறிவேப்பிலை மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசனையும் போகவில்லை.

அடுத்தடுத்த ஒத்திகைகளில் அப்பா முதல் ஆளாகப் போய் நிற்பார். அக்கா எண்ணத் தொடங்குவதற்கு முன்னால், "டோபி" என்று ஒரு அதட்டல் போடுவார். அக்கா, "இருக்கேன்யா" என்பார். அப்புறம்தான் மற்றவர்கள்.

சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். விடிந்ததும் அலமாரியைத் திறந்து, எந்தச் சட்டையைப் போடுவது என்று தெரியாமல் நானும் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். வாசலில் நிழலாடியது. அக்கா. கையில் இஸ்திரிக்குப் போட்டிருந்த அப்பாவின் வெள்ளைச் சட்டை, ஒரு சுருக்கம் இல்லாமல், பித்தான் எல்லாம் போட்டு.

"செத்தவங்களுக்கு இஸ்திரி கிடையாதேக்கா" என்றேன்.

"அதை நான்தானே சொல்லணும்" என்றார் அக்கா. "நான் இன்னும் சொல்லலியே தம்பி."

சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல், மழையிலேயே திரும்பிப் போனார். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் குடிபோகிற வரைக்கும் அந்தக் கடைப் பலகையில் விலை தவிர வேறொன்றும் அவர் எழுதவில்லை.