பவுனு என்னும் பரிக்குப் பொதி கட்டிய படலம்

வாழ்க தமிழ்செல்வன்! அட்டைப்பெட்டிகளின் அதிபதி, ஒட்டுநாடா ஏந்திய திண்தோளன், கடல்கடந்த தேசத்தார் உடுத்தும் பனியன்களையெல்லாம் காற்றும் புகாமல் அடுக்கிக் கப்பலேற்றிய அருள்புரத்துப் பேக்கிங் மாஸ்டர், அவன் புகழ் ஓங்குக! கலைமகளே, ஓவர்லாக் மெஷின் இரைச்சலில் பாதிக் காது போன எனக்கு மீதிக் காதிலாவது வந்து சொல்லிக்கொடு. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆயுதபூஜை விடுமுறையில் அம்மாவீரன் ஒரு மட்டக்குதிரையோடு பொருத கதையை நான் சொல்லியாக வேண்டும்.

உடுமலைக்குத் தெற்கே, முகில் தவழ் முடியும் மூங்கில் செறி அடியும் கொண்டதொரு மலையுச்சியில் முனியப்பன் வீற்றிருக்கிறார். ஆண்டுதோறும் எங்கள் கம்பெனிக்காரர்கள் ஏறி, இரவு தங்கி, விடியலில் பொங்கல் வைப்பார்கள். அரிசியும் அண்டாவும் ஜமக்காளமும் அதுவரை பெண்களின் தலைமேல்தான் ஏறின. அக்கொடுமை கண்டு பொறாத நம் தலைவன், கேன்டீன் பெஞ்சின்மேல் ஏறி நின்று இடியென முழங்கினான்: "இனிமே ஒருத்தரு தலையும் சொமக்க வேண்டியதில்லீங்க! குதிரை சொமக்கும்! நானாச்சுங்க!" அதைக் கேட்டு, யாரைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிற செக்கிங் செக்‌ஷன் சித்ரகலா முதன்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்பாடுபட்டாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவன் தவித்தான்.

மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் களம் அமைந்தது. எதிரே பவுனு: பொன்னிறப் பிடரியாள், புல்மெல் வாயாள், புவியனைத்தையும் இகழ்ந்து நோக்கும் ஓரக்கண்ணாள், உயரத்தில் கழுதைக்கு ஒரு சாண் மேல், கர்வத்தில் யானைக்கு ஒரு முழம் மேல். "வயித்த உப்பி ஏமாத்துவா தம்பி, பாத்து இறுக்குங்க" என்று குதிரைக்காரன் வீரணன் கயிற்றை நீட்டிவிட்டு டீக்கடைக்குப் போனான். நான்கு மணிக்கு வனத்துறை செக்போஸ்ட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் பொதி ஏறாவிட்டால் இந்த வருடம் முனியப்பனுக்குப் பொங்கல் இல்லை, சித்ரகலாவுக்கும் சிரிப்பு இல்லை.

சேணம் வைத்து, ஒருபுறம் அரிசி மூட்டையும் மறுபுறம் தக்காளி நிறைந்த அண்டாவும் நிறை பார்த்துத் தொங்கவிட்டு, மேலே ஜமக்காளம் போர்த்தி, முன்கால் ஊன்றி, பல்லைக் கடித்து, கோட்டைக் கதவடைக்கும் மறவனென அவன் கயிற்றை இறுக்கினான். பவுனோ முடிச்சு விழும்வரை பூசணிக்காயாய் உப்பியிருந்துவிட்டு, விழுந்ததும் புஸ்ஸென்று மூச்சை விட்டாள். பொதி சரிந்து அவள் வயிற்றுக்கடியில் தொட்டில் கட்டியது. மறுபடி கட்டினான், மறுபடி உப்பினாள். மீண்டும் இறுக்கினான், மீண்டும் தொட்டில். ஆறெனப் பெருகிய வியர்வையில், ஏற்றுமதிக்குத் தள்ளுபடியான அவன் டீ-சர்ட்டின் சாயமே இளகி இடுப்புவரை வழிந்தது.

அப்போதுதான் அந்தப் பேரறிவு உதித்தது. கூடாரம் கட்ட உதவுமென்று கொண்டுவந்திருந்த ஜட்டி எலாஸ்டிக் ரோலை, உறையினின்று வாளை உருவுவான்போல் பையிலிருந்து உருவினான். "உப்புனா விரியும், உட்டாச் சுருங்கும்! உலகத்து இடுப்பையெல்லாம் புடிச்சு நிறுத்துனது இதுதானுங்க!"

"ஏனுங்க தம்பி, குதிரைக்கு ஜட்டி போட்டு உடறீங்களா?" என்றார் எங்கள் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி நஞ்சம்மாள். வீரர் செவியில் ஏளனம் ஏறுமா? சுற்றினான், சுற்றினான், ரோல் தீரும்வரை சுற்றினான். பவுனு உப்பினாள், எலாஸ்டிக் விரிந்தது. மூச்சு விட்டாள், எலாஸ்டிக் சுருங்கியது. பொதி இம்மியும் அசையவில்லை. சித்ரகலா சிரித்தாள். எனக்கே அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

பிறகு குதிரை நடந்தது. நடக்க நடக்க எலாஸ்டிக் நீள, நீண்டது சுருங்க அண்டா எழும்ப, எழும்பிய அண்டா இறங்கி விலாவில் டங்கென்று இடிக்க, இடிபட்ட பவுனு துள்ள, துள்ளிய துள்ளலில் எலாஸ்டிக் இன்னும் நீள, அரிசி மூட்டை இடமும் அண்டா வலமுமாக வானத்துக்கும் பூமிக்கும் ஊஞ்சலாட, தாளாத முடிச்சு பட்டென்று தெறித்தது! அண்டா விண்ணேகியது, ஜமக்காளத்தைப் புளியமரம் சூடியது, செந்நிற மாரி பொழிந்தது. நஞ்சம்மாள் சேலையெல்லாம் தக்காளி.

பாரம் நீங்கிய பவுனு செக்போஸ்ட்டைத் தாண்டி, மகாராணிபோல் தனியே மலையேறிப் போனாள். நான்கு மணிக்குச் சற்றே நேரம் இருந்தது. சித்ரகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது அவன் காப்பாற்ற நினைத்த சிரிப்பில்லை, ஆனால் அதைவிடப் பெரியது. "நின்னுட்டே இருந்தா கேட்டைச் சாத்தீருவாங்க. குனிங்க!" என்றாள். உலகத்து இடுப்புகளை வென்றவன், அட்டைப்பெட்டிகளின் அதிபதி, சாயம் வழிந்த மார்பன், தன் மணிமுடியற்ற திருத்தலையைத் தாழ்த்தினான்.

அரிசி மூட்டை முப்பது கிலோ இருந்தது.