சத்துமாப் பேணி

இனி உடம்பைத் தேற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன். நடந்து அல்ல, குடித்து.

அவசரப்பட்டு என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். பாலில் கரைத்துக் குடிக்கும் சத்துமாவைத்தான் சொல்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு லிப்ட் ஒருநாள் படுத்துவிட்டது. நாலாம் மாடிக்கு ஏறிவந்து, கதவைத் திறந்த மனைவி சாமினியிடம் தண்ணீர் கேட்டேன். "த..." என்றேன். மிச்ச எழுத்துகள் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டன. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பாட்டு.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு விடிய என்னோட மெரின் டிரைவில நடக்க வாங்கோ."

விடிய என்றால் ஐந்தரை மணி. அந்த நேரத்து நித்திரை இருக்கிறதே, இரவு முழுவதும் நான் தூங்குவது அதற்கு ஒத்திகை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே பார்மசிக்குப் போனேன். இருந்ததிலேயே பெரிய சத்துமாத் தகரப் பேணியை வாங்கிவந்து மேசையில் 'டங்' என்று வைத்தேன்.

"இதென்ன?"

"விஞ்ஞானம். காலையில ஒரு கிளாஸ். எல்லாச் சத்தும் உள்ளுக்கு இருக்கு. நடக்கத் தேவையில்லை."

"அப்பிடியெண்டு பேணியில போட்டிருக்கோ?"

"நடக்கச் சொல்லியும் போடேல்லைத்தானே? கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும். நாலு மாடியும் ஓடி ஏறுவன். பிறகு நீர் நடக்கிற கதையே எடுக்கக்கூடாது."

"சரி, குடியுங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்ததில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சொக்கலேட் வாசம் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு லுத்பியா வந்தார். கையில் அதே மாதிரி ஒரு பேணி.

"அண்ணனுக்கு இப்ப எப்பிடி ஈக்குது?" என்று சாமினியிடம் இரகசியமாகக் கேட்டார்.

"எனக்கென்ன? நான் நல்லா இருக்கிறன்!" என்றேன்.

"எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் செல்லிட்டு இருந்தார்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நேத்து லிப்ட்ல பேணியோட உங்களக் கண்டதுமே எனக்கு வெளங்கிட்டு."

அப்போதுதான் எனக்கு என் பிழை விளங்கியது. எங்கள் கொழும்பில் சுகமாக இருப்பவன் இந்தப் பேணியைத் தனக்காக வாங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவன்தான் வாங்குவான். நானோ அதைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற சாமினி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு லிப்டில் ஏறி எல்லா மாடியிலும் இறங்கியது.

பிறகு தினமும் சனம். லுத்பியாவின் கணவர் நிலாம் வந்தார். என் கந்தோரில் கூட வேலை செய்யும் ஆட்கள் வந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து சாமினியின் பெரியம்மா குடும்பம் வாடகை வான் பிடித்து வந்தது. ஆளுக்கொரு பேணி! என்னைக் கதிரையில் இருக்க விடாமல் கட்டிலில் சாய்த்தார்கள். சுற்றிவர இருந்துகொண்டு, எனக்கு என்னென்ன வந்திருக்கலாம், அது வந்த யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கதைத்தார்கள்.

"எனக்கு ஒண்டுமில்லை!" என்று கத்தினேன்.

"பாவம், ஆளுக்கு இன்னும் சொல்லேல்லைப் போல," என்றார் பெரியம்மா.

தப்பி ஓடி ஸஹாப்தீனின் தேத்தண்ணிக் கடைக்குப் போய் இரண்டு மட்டன் ரோல்ஸ் கேட்டேன்.

"உங்களுக்கு அது வாணாம் சேர்," என்று ரஸ்க் பக்கற்றை நீட்டினார் அவர்.

திரும்பி வந்தால் வாசல் காவலாளி எழுந்து, "மஹத்தயா, தென் சனீபத?" என்று சிங்களத்தில் சுகம் விசாரித்தான். என்றுமில்லாமல் லிப்ட் வரை என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீராவது சனத்துக்குச் சொல்லலாமே, சாமினி!"

"நான் சொன்னா ஆர் நம்புவினம்? மறைக்கிறன் எண்டு நினைப்பினம்." அவள் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இவையள் எல்லாரையும் ஒரே இடத்தில எங்க பிடிக்கலாம்?"

"எனக்கென்ன தெரியும்? விடிய நடக்கேக்க நிலாமைக் காணுறனான். உங்கட கந்தோர் மனேஜரைக் காணுறனான். காவலாளியின்ர மனுசியும் வாறவ."

மூளையில் பல்ப் எரிந்தது. "நாளைக்கு விடிய நானும் வாறன்! அவ்வளவு பேருக்கும் முன்னால கை வீசி நடந்து காட்டுறன்!"

"ஐயோ வேண்டாமப்பா, உங்கட நித்திரை!"

"நீர் என்னைத் தடுக்காதேயும்!"

அவள் தடுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துத் தந்தாள். உள்ளே புதுச் சப்பாத்து. என் கால் அளவு.

"இது எப்ப வாங்கினது?"

"நீங்கள் பேணி வாங்கின அண்டைக்குத்தான். நானும் லுத்பியாவும் போய் வாங்கினனாங்கள்."

கண்ணைத் துடைத்த முந்தானை என் நினைவுக்கு வந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்றாலும் விடவில்லை.

"ஒரு நாள்தான் நடப்பன். அதோட சரி!"

"ஓம், அது உங்கட விருப்பம்," என்றாள் சாமினி. "ஆனா அடுத்த நாள் உங்களைக் காணேல்லையெண்டா, சனம் பின்னேரம் திரும்பப் பேணியோட வருங்கள்."

அலாரத்தை நானே வைத்தேன்.